பன்னிரண்டாவது வெடி

எனக்குப் பன்னிரண்டு வரை பிழையில்லாமல் எண்ணத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வேறொன்றும் உருப்படியாகப் படிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டுதான் என் மைத்துனர் சில்வெஸ்ரரின் வாழ்க்கையைத் தின்றது. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் நித்திரை வராது, எழுதினாலும் வரப்போவதில்லை.

ஊர்காவற்றுறையில் எங்கள் தெருவிலிருந்து கடற்படையில் சேர்ந்த முதல் ஆள் அவர். ஐம்பத்தாறாம் ஆண்டு போனார். என் மனைவி றோஸின் மூத்த அண்ணன். றோஸுக்கு இளையவன் யாக்கோப்பு, என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன். தகப்பன் நேரத்தோடு கண்ணை மூடிவிட, தாய் சூசையம்மா மீன் கடகத்தைத் தலையில் வைத்து வேலணை வரை நடந்து விற்று மூன்றையும் வளர்த்தவர். என் மாமியார். அவர் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சில்லை.

சில்வெஸ்ரர் லீவில் வந்தால் எங்களுக்குப் பொழுது போவது தெரியாது. வெள்ளைக் காற்சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு பூசைக்கு வருவார். சுவாமியாரை விட அவரைத்தான் சனம் பார்க்கும். பிறகு மாமி சமைக்கிற குசினி வாசலில் கதிரையைப் போட்டுக் கப்பல் கதை சொல்லுவார். விடிய எழும்பி வெறுங்காலோடு தளம் கழுவ வேண்டுமாம். கப்பலில் கால் வைத்ததும் பின்பக்கத்துக்குத் திரும்பிச் சல்யூட் அடிக்க வேண்டுமாம். கப்பலில் யாரும் வாயால் விசிலடிக்கக் கூடாதாம். கட்டளைகளையெல்லாம் ஒரு சின்ன வெள்ளிக் குழலில் ஊதித்தான் அறிவிப்பார்களாம்.

யாக்கோப்பு விசிலடிக்காமல் வலை இழுக்க மாட்டான். அவனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

"அப்ப எனக்கு ஆர் ஊதுறது அண்ணை?"

"அது கப்டன்மார் ஏறி இறங்கேக்கை ஊதுறது. எங்களைப்போல ஆக்களுக்கு ஒரேயொருக்காத்தான் ஊதுவாங்கள். பிணமாய் இறக்கேக்கை."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமி மட்டும் உள்ளிருந்து, "வாயைக் கழுவடா" என்று கத்தினார்.

ஒருமுறை தன் பழைய சீருடையின் கழுத்துத் துணியைக் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தார். கடும் நீலம், ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடு. அதைப் போட்டுக்கொண்டு யாக்கோப்பு தெருவில் திரியப் பார்த்தான். றோஸ் பறித்துக்கொண்டு போய் எங்கள் வள்ளத்தின் பாயில் கிழிந்திருந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அதன்பிறகு நெடுந்தூரத்திலேயே எங்கள் வள்ளத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இனிப் பீரங்கிக்கு வருகிறேன். வருடத்தில் ஒருமுறையோ இரண்டுமுறையோ ஒரு கப்பல் வந்து, நெடுந்தீவுக்கு மேற்கே கடலில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டுச் சுட்டுப் பழகும். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்று துறைமுகத்தில் அறிவித்தல் ஒட்டுவார்கள். நாங்கள் அதைக் கலியாண அழைப்பைப் போலத்தான் வாசிப்போம். ஏனென்றால் குண்டு கடலுக்குள் விழுந்து வெடித்தால் சுற்றியிருக்கிற மீனெல்லாம் மயங்கி மேலே வந்து மிதக்கும். பாரை, விளைமீன், சீலா. வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம், கையால் அள்ளலாம். முந்திப் போகிறவனுக்குத்தான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்களுக்குப் பந்தியும் படையும் ஒரே இடத்தில் வாய்த்திருந்தன.

சுடுவது எப்போது முடியும் என்று தெரிந்தால் மற்ற வள்ளங்களுக்கு முன்னால் ஓடிவிடலாம். அதை நான்தான் சில்வெஸ்ரரிடம் கேட்டேன். அவர் அந்தக் கப்பலில் பீரங்கிக்குக் குறி பார்த்து விசையை அழுத்துகிற ஆள்.

"பன்னிரண்டு குண்டு மச்சான். அதுக்கு மேலை ஒண்டும் தரமாட்டாங்கள். பன்னிரண்டும் முடிஞ்சால் எங்களுக்குச் சாப்பாடு" என்றார். பெருமையில் சொன்ன சொல். நுணலும் தன் வாயால் கெடும்.

அதற்குப்பிறகு மூன்றுமுறை நாங்கள் எண்ணிப் போனோம். மூன்றுமுறையும் வள்ளம் நிறைய மீன். மற்றவர்கள் எங்களைச் சூனியக்காரர் என்றார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு பங்குனி மாதம் நாலாவது முறை. விடிந்து வெயில் ஏறுகிற நேரம். மிதவைக்குக் கிழக்கே கனதூரத்தில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மேற்கே கப்பல் ஒரு பொட்டாகத் தெரிந்தது. வெடி கேட்கத் தொடங்கியது. நான் தண்ணீரைப் பார்க்காமல் விரல் மடித்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யாக்கோப்பு தலையைச் சரித்துக் கேட்டான்.

"அத்தான், இண்டைக்கு வெடி மெல்லிசாய்க் கேக்குது."

"காத்து அங்காலை இழுக்குது."

"இல்லை, ஒரே அளவாய் வருது. அண்ணை ஏதோ சொன்னவர்..."

"உன்ரை அண்ணை சொன்னது பன்னிரண்டு. எண்ண விடு."

பதினொன்றோடு நின்றது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு பெரிதாக ஒன்று. மிதவைக்குப் பக்கத்தில் தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்பியது. பன்னிரண்டு! நான் பாயைத் தூக்கச் சொன்னேன்.

யாக்கோப்பு கொஞ்சம் தயங்கினான். அந்தத் தயக்கம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் நான் அத்தான், அவன் மைத்துனன். மூத்தவன் சொல்லைத் தட்ட அவனுக்குத் தெரியாது. பாயைத் தூக்கினான்.

அன்றைக்கு நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் கப்பலுக்கு வந்திருந்தார். அவருடைய பதவிக்குப் பதினொரு மரியாதை வெடி. சின்னப் பீரங்கியில், குண்டில்லாமல், நேரம் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுவது. பெரிதாகக் கேட்டதுதான் சுட்டுப் பழகுவதன் முதல் குண்டு. மற்றப் பதினொன்றும் பாக்கியிருந்தன. முதல் குண்டோடு ஏதோ சின்னக் கோளாறு, சரிசெய்ய அரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் போனதாம். அதற்குள் நாங்கள் மிதவையடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மீன் அள்ளுவதென்றால் பாயை இறக்க வேண்டும். இறக்கினோம். பாயில்லாத வள்ளம் மிதவைக்குப் பின்னால், எங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில். கப்பலில் காவல் நின்றவர்களின் கண்ணுக்கு நாங்கள் படவில்லை. மீன் கொஞ்சந்தான் கிடந்தது. பன்னிரண்டு குண்டுக்கு இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சல். அங்கால் போய்ப் பார்ப்போம் என்று மறுபடி பாயை ஏற்றச் சொன்னேன். யாக்கோப்பு விசிலடித்துக்கொண்டே கயிற்றை இழுத்தான்.

அந்த இடத்தில் என் கதை நின்றுபோகிறது. மிச்சத்தைச் சில்வெஸ்ரர் பல வருடங்களுக்குப் பிறகு ஒரேயொருநாள் எனக்குச் சொன்னார்.

"குண்டு போய் விழ ஒன்பது செக்கன். நான் விசையை அழுத்திப்போட்டன். கண்ணாடியாலை பாக்கிறன், ஒரு பாய் மேலை வருது. நீலத் துண்டைக் கண்டனான் மச்சான். நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டு கத்தினனான். எல்லாரும் நிப்பாட்டிப்போட்டாங்கள். போன குண்டை ஆர் நிப்பாட்டுறது? இன்னும் ஏழு செக்கன் இருந்தது. அந்த ஏழு செக்கனும் நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

எனக்குக் கண் திறந்தபோது கப்பலின் தளத்தில் கிடந்தேன். இடது காதுக்குள் ஒன்றுமில்லை, இன்றுவரை இல்லை. தளம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை விடத் துப்புரவாக இருந்தது. அதில் என் இரத்தம், மீன் செதில், கடல்தண்ணீர். பக்கத்தில் யாக்கோப்பைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நித்திரை என்றுதான் நினைத்தேன். பிறகு போர்வையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சில்வெஸ்ரர் காதில் பஞ்சோடு நின்றார். ஒரு அதிகாரி வந்து, உள்ளே வரக்கூடாத இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். சில்வெஸ்ரர்தான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்: "இது என்ரை தம்பி, சேர். எத்தினை குண்டெண்டு சொல்லிக் குடுத்தது நான்."

அன்று பின்னேரம் ஊர்காவற்றுறைக்கு வெளியே கப்பலை நிறுத்தினார்கள். கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. மாலுமிகள் இரண்டு வரிசையில் நின்றார்கள். யாக்கோப்பைத் தூக்கிப் படகுக்கு இறக்கும்போது ஒருவர் வெள்ளிக் குழலை எடுத்து ஊதினார். நீளமாக, மெல்லியதாக, முடிவில்லாமல். மிஞ்சியிருந்த ஒற்றைக் காதால் அதைக் கேட்டேன். சில்வெஸ்ரர் கையை நெற்றியில் வைத்தபடி நின்றார். குசினி வாசலில் நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவு வந்தது. அந்த இடத்திலேயே கடலுக்குள் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை.

செத்த வீட்டில் மூன்றாம் நாள். மாமி அழவில்லை, கல்லாகிப் போயிருந்தார். மகனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பன்னிரண்டெண்டு சொன்னனி. மற்ற வெடி ஒண்டு இருக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான் அம்மா. தம்பிக்குச் சொன்னனான். மரியாதை வெடி மெல்லிசாய், ஒரே அளவாய்க் கேக்கும், அதை எண்ணாதை எண்டு சொன்னனான்."

மாமி என் பக்கம் திரும்பினார். "மருமேன், என்ரை பிள்ளை வள்ளத்திலை உப்பிடி ஏதும் சொன்னவனோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். றோஸ் பார்த்தாள். அவளுடைய தம்பியை நான் கொன்றேன் என்று அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? வாய் தானாகத் திறந்தது.

"இல்லை மாமி. ஒண்டும் சொல்லேல்லை."

சூசையம்மா மூத்த மகனைப் பார்த்தார். "செத்தவன்ரை தலையிலை பழியைப் போட்டுத் தப்பப் பாக்கிறாய். இனி என்னை அம்மா எண்டு கூப்பிடாதை" என்றார். அதுதான் மகனோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு.

எண்ணிக்கையை வெளியில் சொன்னதற்காகச் சில்வெஸ்ரரைக் கடற்படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து, காரைநகருக்குச் சனத்தையும் வாகனத்தையும் கொண்டுபோகிற மிதவையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் ஊரில் அதற்குப் 'பாதை' என்று பெயர். விடிய எழும்பி வெறுங்காலோடு பாதையின் பலகையைத் தேய்த்துக் கழுவுவார். அதில் யாராவது விசிலடித்தால் இறக்கிவிட்டுவிடுவார். சனம் அவரைக் 'கப்டன்' என்று பகிடி பண்ணியது. ஏன் என்று தெரிந்த நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். கலியாணம் செய்யவில்லை. ஞாயிறு தவறாமல் தாய் வீட்டு வாசலுக்கு மீனோடு வருவார். மாமி குசினிக் கதவைச் சாத்துவார். றோஸ் வந்து மீனை வாங்குவாள். அவர் கொஞ்சநேரம் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார். அந்த மீனின் தலையை மாமி எனக்குத்தான் போடுவார். பத்தொன்பது வருடம் நான் அதைத் தின்றேன்.

எண்பத்தோராம் ஆண்டு மாமி படுக்கையில் விழுந்தார். சில்வெஸ்ரர் கட்டில் காலடியில் நின்றார். மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இப்போது சொல், இப்போது சொல் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு மாமி இல்லை, அன்று பின்னேரமே அடக்கம்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாதையடிக்குப் போனேன். சில்வெஸ்ரர் பலகை கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"மச்சான், அவன் சொன்னவன். மெல்லிசாய்க் கேக்குதெண்டு சொன்னவன். நீர் ஏதோ சொன்னதெண்டும் தொடங்கினவன். நான்தான் கேக்க விடேல்லை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் போனேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் ஒருகணம் மலர்ந்ததுபோல் இருந்தது.

"அப்ப அவன் மறக்கேல்லை" என்றார்.

அதற்குப்பிறகுதான் அவருக்கு மிச்சம் விளங்கியிருக்க வேண்டும். ஈரப் பலகையில் அப்படியே குந்தினார். கோபமில்லை, சத்தமில்லை. ஒரு சின்னப்பிள்ளை கேட்பதுபோல என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் மச்சான், முந்தாநாள் அம்மா உயிரோடை இருந்தவதானே?"