பனிமலையில் ஏறியவர்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சினிமாவைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடிப்பு, இசை பற்றியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. படத்துக்கு முன்னால் ஓடிய ஒரு செய்திப் படத்தைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

அறுபதுகளில் மாட்டுங்காவில் ஒரு கொட்டகையில் ஞாயிறு காலை மட்டும் தமிழ்ப் படம் போடுவார்கள். தாராவியிலிருந்து நடந்தே போவோம். எல்லையில் சண்டை நடந்த வருடம் அக்காவும் என்னோடு வந்தாள். அத்தான் பட்டாளத்தில் இருந்தார். அவரிடமிருந்து கடிதம் வருவது நின்று போயிருந்தது. செய்திப் படத்தில் பட்டாளத்தைக் காட்டுகிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அன்று திரையில் சிப்பாய்கள் வரிசையாகப் பனிமலையில் ஏறினார்கள். அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

“ஏட்டி, அந்தா போறது உங்க அத்தான்லா! ஐயா, கொஞ்சம் நிப்பாட்டுங்க!”

“ஏக்கா, இது என்ன பஸ்ஸா, கையக் காட்டுனா நிக்க?” என்றார் பின்னாலிருந்த ஒருவர். கொட்டகையே சிரித்தது. அதற்குள் ஏதோ அணைக்கட்டுத் திறப்பு விழா வந்துவிட்டது.

பகல் காட்சி இந்திப் படம். அதற்கும் இதே செய்திப் படம்தான் என்று வாசலில் சொன்னார்கள். மறுபடி டிக்கெட் எடுத்தோம். இந்த முறை அக்கா உட்கார்ந்தே பார்த்தாள். அந்தச் சிப்பாய் ஏறும்போது ஒரு கணம் முகத்தைத் திருப்பினான். மீசை கூட சரியாக முளைக்காதவன்.

“அவுக இல்ல” என்றாள். சற்றுப் பொறுத்து, “பாவம், இவனத் தேடி எவ எங்க உக்காந்திருக்காளோ” என்றாள்.

இந்திப் படம் முடியும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அக்கா வேலைக்குப் போனாள். தபால்காரர் அன்றும் எங்கள் சந்துக்குள் வரவில்லை.