வயலுக்கு யாரும் ஆளனுப்பவில்லை

நீதிமன்ற வராந்தாவில் என் கட்சிக்காரரின் வழக்கு கூப்பிடப்படுவதற்காகக் காத்திருந்தபோது, நம் ஆலயப் பணியாளர் தவமணி தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, செல்லூர் ஞானமுத்து அண்ணன் தவறிட்டாரு. சாயங்காலம் அடக்கம். வாரீங்களா?"

அடக்க ஆராதனையில் வாசிக்கப்பட்ட குறிப்பு அவரைச் "சபையின் முன்னாள் பிரசங்கியார்" என்றது. அதை நான் ஆட்சேபிக்கிறேன். அவரைப் பிரசங்கப் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம் எதையும் நம் சபைக் கமிட்டி எந்நாளும் நிறைவேற்றியதில்லை. நிறைவேற்றியது வேறொன்று. அதை எழுதியவன், அப்போது கமிட்டிச் செயலாளராக இருந்த நான்.

ஞானமுத்து செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி. முறை வரும் ஞாயிறுகளில் நம் சபையில் பிரசங்கிப்பார். அந்த ஞாயிறுக்குக் குறிக்கப்பட்ட வேதபாடத்தை வெள்ளிக்கிழமையே பட்டறையில், தேநீர் வேளையில், உரக்க வாசிப்பது அவர் வழக்கம். வாசித்து முடித்ததும், "இதுல நீங்க யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர் அல்லர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் அங்கிருந்தேன். வீட்டை விட்டுப் போன இளைய மகன் திரும்பி வந்ததும் தகப்பன் விருந்து வைக்கும் பகுதியை வாசித்தார். சீனிவாசன் என்ற சௌராஷ்டிரத் தறிக்காரர் உடனே கேட்டார்: "ஏண்ணே, மூத்தவன் வயல்ல வேலையில இருக்கான். ஆட்டம்பாட்டுச் சத்தம் கேட்டு, வேலைக்காரன்கிட்ட விசாரிச்சுத்தான் விசயமே தெரியுது. அவனுக்கு ஒரு ஆளனுப்பிச் சொல்லலையே? நம்மூர்ல இப்பிடி விசேசம் வச்சா மாமன் மச்சான் எவன் படியேறுவான்?"

"நீ வந்து பிரசங்கம் பண்றியா சீனி?" என்றார் ஞானமுத்து.

"டீ வாங்கிக் குடுத்தா வாரேன்."

ஞாயிறன்று அதையே பிரசங்கித்தார். வீட்டோடு இருந்து உழைத்தவனை அழைக்க மறந்த வீடு அது என்றார். ஒரு வாரத்திற்குள் புகார் மனு வந்தது. "தகப்பன்னா அது தேவன். தேவன் மேலயே குத்தம் சொல்றாருய்யா! அதுவும் தறிப் பட்டறையில கேட்டுட்டு வந்து!" என்றார் ஒரு கமிட்டி உறுப்பினர்.

நான் ஞானமுத்துவிடம் கேட்டேன்: "தகப்பன் வெளியே வந்து மூத்த மகனை வருந்தி அழைத்தாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

"விடல வக்கீலண்ணே. கடைசில அதத்தான் சொன்னேன். நீங்க அம்புட்டுப் பேரும் பாதியிலயே மனு எழுத ஆரம்பிச்சுட்டீக. மூத்தவன் வெளிய நிக்கிறான்னு தெரிஞ்சதும் அப்பனே எந்திரிச்சு வந்தாரு. கடுதாசி குடுத்து விடல."

சிலர் அவரை நீக்கச் சொன்னார்கள். நான் நடுவழி ஒன்று கண்டதாக எண்ணினேன். பிரசங்கத்தை முன்கூட்டியே எழுத்தில் கமிட்டிக்குத் தர வேண்டும். தராதவரை அவர் பீடம் ஏறலாகாது. நீக்கமில்லை, நிபந்தனை மட்டுமே. குறிப்பெதுவும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வாதாடுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள்" என்று பலமுறை சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

மூன்றாண்டுகள் போராடி அந்த நிபந்தனையை நானே ரத்துச் செய்ய வைத்தேன். தீர்மான நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அடுத்த ஆண்டும் வரவில்லை. தடை நீங்கிய பிறகும் ஒருவர் இப்படிப் பிடிவாதம் பிடிப்பது முறையா என்று சபையாராகிய உங்களில் பலரிடம் நான் கேட்டிருக்கிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து தலையசைத்தீர்கள்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய மனைவி எஸ்தர் அம்மாளிடம் அதையே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உசிலம்பட்டிப் பக்கம் சின்ன சபை ஒண்ணு இருக்குய்யா. மாசத்துல ஒருக்கா யாராச்சும் பஸ் ஏறி வந்து, 'அண்ணே, வந்து நாலு வார்த்தை சொல்லுங்க'ம்பாக. கிளம்பிருவாரு. மத்த ஞாயித்துக்கிழமை எல்லாம் வேட்டி சட்டையைத் தேச்சுப் போட்டுட்டு வாசல்லயே உக்காந்திருப்பாரு. நீங்க அனுப்புன கடுதாசியை வேதபுத்தகத்துக்குள்ளதான் வச்சிருந்தாரு. ஒரு எட்டு வந்து கூப்பிட்டிருக்கலாமே?"

என் வீடு பசுமலையில். அங்கிருந்து செல்லூருக்கு ஒரே டவுன் பஸ்.

அவருடைய பிரசங்கங்களைத் தொகுத்து நினைவு மலர் போடலாம் என்று கமிட்டி இப்போது யோசிக்கிறது. தொகுப்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. வேதத்தை வாசிக்கும்போதெல்லாம் அவர் கேட்ட "இதுல நீங்க யாரு?" என்கிற கேள்வி இருக்கிறது. என் கோப்பில் அவர் கையொப்பமிட்ட அந்த ஒப்புகை அட்டையும் இருக்கிறது. கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சான்று. நாம் அவரை அழைத்தோம் என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.