சட்டிக்குள் என் பெயர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மானம் என் வீட்டு மாடியில் ஒரு மண்சட்டிக்குள் நெளிந்துகொண்டிருந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன். இவ்வாண்டு அரூரில் சித்திரை வெயில் பங்குனியிலேயே வந்துவிட்டது. குருவிகள் நீர் அருந்த, எங்கள் தெருவின் இருபத்தெட்டு வீடுகளுக்கும் தலா ஒரு மண்சட்டி வழங்கினேன். உபயம் என்றால் பெயர் வேண்டாமா? வெளிப்புறம் எழுதினால் பூந்தொட்டிகள் மறைத்துவிடும்... ஆகவே உள்விளிம்பில், குனிந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி, பெயின்ட்டில் எழுதச் செய்தேன். பெயர், எம்.எஸ்சி. பட்டம், 'விலங்கியல் பேராசிரியர் (ஓய்வு)' — ஒன்றையும் விடவில்லை.

பிறகு கோடைமழை. தெருவில் இருவருக்குக் காய்ச்சல். கொசுப்புழு தேடி வீடுவீடாக வரும் களப்பணியாளர் செல்வி, டார்ச்சுடன் எங்கள் மாடிக்கு ஏறினார்.

"விலங்கியல் படித்தவன் வீடு அம்மா. இங்கே எதுவும் கிடைக்காது" என்றேன், சற்று உரக்கவே.

"பாத்துட்டுப் போயிடறேங்க சார்." சட்டிக்குள் டார்ச் அடித்தார். "சார்... உங்க பேருக்குக் கீழயே நெளியுதுங்களே!"

ஏடிஸ் கொசுவின் புழுக்கள். டெங்குவைப் பரப்புமே, அதே இனம்!

"எதிர் வூட்டுலயும் இருந்துச்சுங்க. பக்கத்து வூட்டுலயும். எல்லாச் சட்டியிலயும் உங்க பேருதாங்க."

படியில் நின்ற என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "படிச்ச மனுசன் வூடுன்னு கொசு நம்பி வந்திருக்கும்ங்க!"

"வற்றும்போதெல்லாம் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேனே?" என்றேன்.

"நீங்க ஊத்த ஊத்த அதுங்களுக்கு வசதிங்க சார். முட்டை ஓரத்துல ஒட்டிக்கும். மாசக்கணக்குல காஞ்சு கெடந்தாலும் சாவாது, தண்ணி பட்டா பொரிஞ்சிரும். வாரம் ஒருதரம் கொட்டிட்டு, நார் போட்டுத் தேய்க்கணும்ங்க."

வகுப்பறையில் ஆண்டுதோறும் நான் நடத்திய பாடம்! வெப்பம் கூடினால் புழு விரைந்து கொசுவாகும். கொசுவின் உடலுக்குள் வைரஸும் விரைந்து பெருகும். அடிக்கும் வெயிலைக் கண்டுதானே சட்டியே வைத்தேன்? ஏர்கூலர், தண்ணீர் டிரம், குருவிச் சட்டி — வெயிலுக்கென்று நாம் செய்யும் ஏற்பாடுகளையெல்லாம் கொசு தனக்கான வரவேற்பாகவே எடுத்துக்கொள்கிறது.

சட்டிகளைத் திரும்ப வாங்கி, ஓசையில்லாமல் உடைத்துவிடலாமா? உண்மையைச் சொல்கிறேன்... எண்ணினேன்.

"குருவிங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்றார் மனைவி. கையில் தேங்காய்நாரைக் கொடுத்தார்.

இருபத்தெட்டு வீடுகளிலும் ஏறி இறங்கினேன். முட்டைகள் ஒட்டியிருந்ததோ, நீர் தொட்டு நிற்கும் விளிம்பில். என் பெயர் இருந்ததும் அங்கேதான். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேய்க்க வழியில்லை.

"சார், உங்க பட்டம் உதிருதுங்களே!" என்று பதறினார் எதிர்வீட்டு அம்மாள்.

"உதிரட்டும் அம்மா. பல்கலைக்கழகம் தந்தது பீரோவில் பத்திரமாக இருக்கிறது."

காய்ச்சல் கண்ட இருவருக்கும் டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அன்றிரவுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இப்போது ஞாயிறுதோறும் தெருவில் என் ரோந்து நடக்கிறது. ஒரே தேய்ப்பில் பெயின்ட் முழுதும் போய்விடாது; வாராவாரம் தேய்த்தால்தான் மங்கும். எந்த வீட்டுச் சட்டியிலாவது என் பெயர் இன்னும் மங்காமல் தெரிந்தால்... அந்த வீட்டாருக்கு அன்று திட்டு நிச்சயம்!