குப்பிக்கும் ஐஸுக்கும் நடுவே

ஐஸ் பெட்டியைத் திறந்ததும் என் விரல்கள் முதலில் தேடுவது குப்பியை அல்ல, ஒரு துண்டு அட்டையை. ஸ்வீட் டப்பா மூடியில் வெட்டியது. ஓரத்தில் ரோஸ் நிறப் பூ பாதி தெரியும். வெட்டி வைத்தவர், பூந்தமல்லியில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு பைக்கில் பெட்டி கொண்டுவந்த அண்ணன்.

குப்பியில் இருப்பது ஆன்டிபாடி. இரத்தத்தில் எத்தனையோ செல்கள். அவற்றில் நோய் எதிர்ப்புப் படையை ஏவிவிடும் உதவி டி செல்களை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்ந்த சாயம் லேசர் பட்டதும் மின்னும், எந்திரம் அதைத் திரையில் புள்ளிகளாக்கி எண்ணும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் அந்த எண்ணுக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தினமும் நல்ல உடம்புக்காரர் ஒருவரின் இரத்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே நோயாளியுடையதைத் தொட வேண்டும். எங்கள் கூடத்தில் அந்த நல்ல உடம்புக்காரர் நான்தான். அன்று ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த அக்கா வெளியே நாற்காலி நுனியில் காத்திருந்தார். சீக்கிரம் சொல்லிவிடலாமே என்று, புதுக் குப்பியில் அவருடையதை முதலில் ஓட்டினேன். அவரிடம் எடுத்திருந்த இரத்தமும் அதோடு தீர்ந்தது.

எண் பாதாளத்தில் கிடந்தது. ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவில்லை என்று அக்கா சற்று முன்புதான் சொல்லியிருந்தார். பதறிப்போய் என்னுடையதை ஓட்டினேன். அதுவும் பாதாளம். என்றோ விரலில் குத்திக்கொண்ட நோயாளியின் ஊசி நினைவுக்கு வந்தது.

காலிப் பெட்டியை எடுக்கத் திரும்பி வந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா டாக்டரே, மூஞ்சி ஒரு மாரியா கீது?"

சொன்னேன். சட்டைக் கையை மடித்து நீட்டினார். "என்துல ஊத்திப் பாரு. தெனம் ரெண்டு பிளேட்டு பிரியாணி துன்றவன். எனக்குமா கம்மியா காட்டும்?"

காட்டியது. மூவருக்கும் ஒரே மாதிரி மங்கிய புள்ளிகள். அப்போதுதான் குப்பியின் மேல் சந்தேகம் வந்தது. எப்படி எடுத்து வந்தார் என்று கேட்டேன். முன்பு மீன் பெட்டி ஏற்றியவர் அவர்.

"மெட்ரோ பள்ளத்தாண்ட வண்டி நவுரவே இல்லபா. வெயிலு வேற. மீனுக்கு அமுக்கற மாரி உப்பு போட்ட ஐஸுல பொதச்சு எடுத்தாந்தேன். ஐஸு ஜாஸ்தியானா நல்லதுதானே?"

மீனுக்கு நல்லது. இந்த ஆன்டிபாடி உறையக் கூடாது; உறைந்தால் சாயம் செத்துவிடும். இதைச் சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கே புரிந்துவிட்டது.

"அந்தம்மாகிட்ட நெம்பர் சொல்ட்டியா?"

"இல்லண்ணே."

"சொல்லாத. நாந்தான் கெடுத்தேன்னு எழுது. அதுக்கு இன்னாத்துக்கு இப்டி முழிக்கற?"

எழுதினேன். நான் வரிசையை மாற்றியதை மட்டும் பதிவேட்டில் எழுதவில்லை. அக்காவை மறுநாள் வரச் சொன்னோம். ஏன் என்று கேட்காமலே எழுந்து போனார். அந்த ஒரு நாளை எப்படிக் கடத்தினாரோ.

மறுநாள் புதுக் குப்பியை அண்ணனே கொண்டுவந்தார், குப்பியில் ஐஸ் படாமல் நடுவே இந்த அட்டையோடு. அக்காவின் எண் அவருடைய பழைய ரிப்போர்ட்டில் இருந்ததைவிட ஏறியிருந்தது. அடுத்த வாரம் பெட்டியோடு வேறொருவர் வந்தார், அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

காலிப் பெட்டி போகும்போதெல்லாம் அட்டையை உள்ளே வைத்து அனுப்புகிறேன். இன்று காலையும் அது திரும்பி வந்தது. என் இரத்தத்தைத்தான் முதலில் ஓட்டினேன். புள்ளிகள் பளிச்சென்று மின்னின. எழுதாமல் விட்ட வரியை இங்கே எழுதிவிட்டேன். கூடத்தின் பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை.