உள்ளே மடித்த ஓர் அங்குலம்

அனுப்பும் முன் ஒவ்வொரு செய்தியையும் வாய்விட்டுப் படிப்பார். பேக்கரிக்கு ஒரு குரல், கண்ணாடிக் கடைக்கு வேறு குரல். நடுவில் தனக்கே சிரிப்பு வந்தால் அந்த வரி பிழைக்கும்; கொட்டாவி வந்தால் அழியும். தெருவிலுள்ள ஆறு சிறு கடைகளுக்காக, அவற்றின் வாடிக்கையாளர்களுடைய கைபேசிக்கு ஆளுக்கொரு செய்தி எழுதி அனுப்புவது இவர் தொழில். கடைக்காரர்களுக்கு ‘மெசேஜ் அக்கா’.

எழுதத் தொடங்குமுன் ஒரு வாரம் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார். ரொட்டியின் ஓரத்தை வெட்டச் சொல்பவர் யார், யாருடைய மூக்கில் கண்ணாடி நிற்பதில்லை என்பதெல்லாம் நோட்டில் ஏறும். “பேரு தெரிஞ்சா போதுமா? ஆளு தெரியணும்ல!” என்பார். ஒருவரைத் தெரிந்துகொள்வதற்கும், தெரியும் என்று காட்டிக்கொள்வதற்கும் நடுவே ஒரு வாசற்படி இருக்கிறது. ஆர்வத்தில் சில சமயம் அதைத் தாண்டிவிடுவார்.

சென்ற வாரம் தாண்டினார். தையற்கடையின் பழைய வாடிக்கையாளரான வங்கி மேலாளருக்குப் போன செய்தி இது: “உங்க பேன்ட் இடுப்புல இன்னும் ஒரு அங்குலம் துணி உள்ளே மடிச்சு வெச்சிருக்கோம். கவலைப்படாம சாப்பிடுங்க.” அதை முதலில் பார்த்தவர் மேலாளரின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டியிருக்கிறார்.

தையற்காரர் கொதித்தார். “பதினாலு வருஷக் கஸ்டமர், அக்கா! ‘என் வயிறு உங்களுக்கு விளம்பரமா’ன்னு கேட்டுட்டு போனை வெச்சுட்டார். சனிக்கிழமைக்குள்ள அவர் வரலைன்னா, எல்லாருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்புற ஆப்புக்கே நான் போயிடறேன்.”

“போயேன். அது உன் கஸ்டமரை ஒரு தடவையாவது பார்த்திருக்கா?”

வாய் பேசியதே தவிர, அக்காவின் முகம் வாடிவிட்டது. முதன்முதலில் இவரை நம்பிய கடை அது. மன்னிப்புக் கேட்டு நான்கு முறை எழுதினார், படித்தார், அழித்தார். கடைசியில் தன் சொந்த எண்ணிலிருந்து அனுப்பியது இவ்வளவுதான்: “எழுதினது நான். தப்பு என்னுது. டெய்லர் மேல கோபப்படாதீங்க.”

சனிக்கிழமை மதியம் மேலாளர் வந்தார். கையில் ஒரு காகிதப் பை.

“அந்த மெசேஜ் எழுதுறவங்க யாரு?”

மூலையிலிருந்து அக்கா எழுந்தார். “நான்தான் சார்.”

“நேத்து நீங்க ரெண்டாவதா அனுப்பினதையும் என் சம்சாரம்தான் படிச்சா. ‘பாவம், போய்ட்டு வாங்க’ன்னு என்னை அனுப்பிட்டா.” பையிலிருந்து பேன்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி, “ஒரு அங்குலம் போதாது. ஒண்ணரை தேறுமான்னு பாருங்க” என்றார்.

தையற்காரர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். அக்கா நோட்டை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பதினாலு வருடப் பழக்கத்தில் அளவை உரக்கச் சொல்லத் தையற்காரர் வாயெடுத்தபோது, அக்கா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.