கேட் சர்வருக்குப் பகல் ஒன்றரை மணி

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நாற்பத்திரண்டு சர்வர்கள். அத்தனைக்கும் பேக்கப் எடுப்பது பழைய வண்ணாரப்பேட்டை தஸ்னீமின் வேலை. சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்கு நகல், அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்று பாலிசி போட வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் அதைக் கல்யாணப் பந்தி மாதிரி பிரித்திருந்தார்கள். எம்.டி. குழு, மேனேஜர் குழு, மற்றவை. எம்.டி. குடும்பம் ஊட்டி போன படங்களுக்கு மணிக்கொரு நகல். லாரிகளை உள்ளே விடும் கேட் சர்வர் 'மற்றவை'யில் கிடந்தது; ராத்திரி பதினொன்றுக்கு ஒரே ஒரு நகல்.

ஊர் தூங்கும் நேரமாம். ஆனால் யார்டு கண் விழிப்பதே அப்போதுதான். துறைமுக லாரிகள் வரிசை கட்டும். பேக்கப் ஓட ஆரம்பித்ததும் கேட் கம்ப்யூட்டர் கல்லாகிவிடும்.

"இன்னாம்மா, ராவானா உன் மிசினு தூங்கிடுது?" என்றார் டிரைவர் உச்சிமாகாளி. "மூணு மணி நேரம். ஒண்ணுக்குக்கூட எறங்க முடியல."

தஸ்னீம் சிரித்து வைத்தாள். சீட்டுக்குப் போய் பாலிசியைத் திறந்தாள்.

கேட் சர்வரைத் தனிக் குழுவாக்கி, லாரியே வராத பகல் ஒன்றரைக்கு நேரம் வைத்தாள். மேனேஜர் செல்வநாதன் அதைத் திரும்ப 'மற்றவை'யில் தள்ளினார். அவள் மறுபடி எடுத்தாள். அவர் மறுபடி தள்ளினார். மூன்றாம் முறை ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"பேக்கப்னா ராத்திரிதாம்மா. எல்லாத்துக்கும் ஒரே ரூல்."

"ரூல் போட்டவரு ஒரு நாளு ராவுல கேட்டாண்ட வந்து நின்னுக்கீறாரா சார்?"

"இன்னொரு வாட்டி மாத்துனா வேலை போயிடும்."

வீட்டில் சம்பளக்காரி அவள் ஒருத்திதான். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"போவட்டும் சார். நான் இங்க கீற வரைக்கும் அது பகல்லதான்."

"டேட்டா போனா யாரு பொறுப்பு? எழுதிக் கொடு பாப்போம்!"

அந்த ஆபீசில் லீவு லெட்டரில்கூட யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். தஸ்னீம் அவர் பிரின்டரிலிருந்தே தாளை உருவினாள். 'கேட் சர்வர் தகவல் அழிந்தால் நானே பொறுப்பு' என்று எழுதி, பெயர், ஊழியர் எண், கையெழுத்து எல்லாம் போட்டாள். பிறகு இன்னொரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். "நீங்களும் எழுதுங்க சார். ராவுல கேட் நின்னா செல்வநாதன் பொறுப்புன்னு. ரெண்டையும் கேட்டாண்ட ஒட்டிடலாம். டிரைவருங்க படிக்கட்டும்."

செல்வநாதன் பேனாவைத் திறந்தார், தாளைப் பார்த்தார், மூடினார்.

ஒன்றரைக்குப் பேக்கப் ஓடியது. கேட்டில் லாரி இல்லாததால் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. குழுவை அவர் தொடவில்லை. தஸ்னீம் தன் தாளின் அடியில் போன் நம்பரையும் எழுதி, அதை மட்டும் கேட் கண்ணாடியில் ஒட்டினாள்.