பேராதனைக் குழாய்

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் மகள் குழாயை ஓடவிட்டு முகத்துக்குச் சவர்க்காரம் போட்டாள். அந்தச் சத்தம் பொறுக்காமல், "பூட்டடி குழாயை" என்று கத்திவிட்டேன். அவளுடைய புதுச் சிநேகிதிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது, புங்குடுதீவில் எங்கள் கிணறு உவர். அம்மா மடத்துவெளிக் கிணற்றிலிருந்து சுமந்துவரும் ஒரு குடம் நல்ல தண்ணீரில்தான் சமையல். பள்ளிக்கூட விழாவன்று, உவரில் முழுகினால் தலைமயிர் பிசுபிசுக்குமென்று, அந்தக் குடத்தை என் தலையில் ஊற்றினேன்.

அன்று அம்மா உவரிலேயே சோறாக்கினார்.

"இஞ்சாரும், கடல்தண்ணியையே காய்ச்சி வைச்சிருக்கிறீர்?" என்றார் அப்பா.

அம்மா என் ஈரத்தலையைப் பார்த்தார். "உப்புக் கூடிப்போச்சு. என்ர பிழைதான்."

நான் குனிந்து தின்றேன். சாகும்வரை அம்மா அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை.

மகள் குழாயைப் பூட்டினாள். "என்ர பிழைதான்," என்றாள் சிநேகிதிகளிடம்.

இம்முறையும் நான் குனிந்தே நின்றேன்.